வந்தே பாரத்தில் சேர் காரா, எக்ஸிகியூட்டிவா?

ராமநாதபுரத்திலிருந்து மதுரை வரை பஸ்ஸில் போய், அங்கே வந்தே பாரத் பிடித்துச் சென்னை போகிறவன் நான். அதில் சாதாரண வகுப்பான சேர் காரில் வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக 5 இருக்கைகள். மூன்றில் நடு இருக்கை விழுந்தால் தொலைந்தோம், போன தடவை அத்தைக்கு எடுத்துப்போன நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் முழங்கை இடிக்காமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். பாதிப் பேருக்கு ரயில் பின்னோக்கிப் போவதுபோல இருக்கும் வேறு.

உயர் வகுப்பான எக்ஸிகியூட்டிவில் இரண்டும் இரண்டும்தான், நடு இருக்கையே கிடையாது. இருக்கையை 180 டிகிரி திருப்பலாம், ரயில் போகிற பக்கம் பார்த்தே உட்காரலாம். கட்டணம்தான் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்பாவுக்கு முதுகுவலி, அவருக்கு எக்ஸிகியூட்டிவ். எனக்கு சேர் கார் போதும், ஜன்னலோரம் கிடைத்தால் சரி.