அடைப்பைக் கரைப்பதா, இழுத்தெடுப்பதா?

ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தால் உறவினர்கள் கேட்பது: அடைப்பைக் கரைக்கும் ஊசியா, குழாய் வழியே சென்று இழுத்தெடுக்கும் கருவியா?

நேரம்:
ஊசி – வழக்கமாக, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்.
கருவி – 6 மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப் பகுதி தெரிந்தால் 24 மணி வரை. தூக்கத்தில் தாக்கியிருந்தால், கடைசியாக நலமாக இருந்த நேரமே கணக்கு. பலரும் இதைச் சொல்ல மறக்கிறார்கள்.

வசதி:
ஊசி – ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லையென்றால் உடனே. ஊசி மருந்துகளில் டெனெக்டிபிளேஸ் ஒரே தவணை; ஆல்டிபிளேஸ் ஒரு மணி நேரம் ஏறும்.
கருவி – ஆஞ்சியோ கூடமும் (ரத்தக்குழாயைப் படமெடுத்துச் சிகிச்சை செய்யும் அறை) பயிற்சி பெற்ற குழுவும் தேவை.

பெரிய குழாய் அடைப்பை ஊசி பல நேரங்களில் திறப்பதில்லை. 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் அங்கே கருவியை முன்னிறுத்தின.

சிறு குழாய்க்கு ஊசி. பெரிய குழாய்க்கு, தகுதியிருந்தால் இரண்டும். ஊசி பலிக்கிறதா என்று காத்திருப்பது தவறு. அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தவருக்குப் பெரும்பாலும் கருவி மட்டுமே.