டிஸ்க் போடுற பிஎஸ்5ஆ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸா? திருவொற்றியூர்ல இருந்து ஒரு கணக்கு

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி டிவில கேம் ஆடுற என் பழைய மெஷின், அதான் கன்சோல், செத்துப் போச்சு. ஆன் பண்ணா லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, டிவில ஒண்ணும் வரல. தேரடில மெட்ரோ ஏறி மண்ணடில எறங்கி, பர்மா பஜார் பக்கம் மாடில ரிப்பேர் பாக்குற அண்ணன் கிட்ட தூக்கிட்டுப் போனேன். மூடியக் கழட்டிக் காட்டினாரு. ஃபேன் இறக்கை பூரா தூசி பஞ்சு மாதிரி அடை அடையா ஒட்டிருக்கு, எச்டிஎம்ஐ சொருகுற எடத்துல பச்ச பூத்திருக்கு. "வூடு கடலாண்டையா தம்பி?"ன்னாரு. தேரடி கிட்டண்ணேன்னேன். "அதான் உப்புக் காத்து போர்டத் தின்னுட்ச்சு. போர்டு மாத்துற காசுக்கு செகண்ட்ஸ்ல வேற ஒண்ணே வாங்கிக்கலாம்பா."

அன்னைக்கு என் கிட்ட மிச்சம் இருந்தது ரெண்டு சமாச்சாரம். அலமாரில ஏழு டிஸ்க்கு, அக்கவுண்ட்ல காசு குடுத்து டவுன்லோட் பண்ண பதினோரு கேமு. மறுநாள் ஏழு டிஸ்க்கையும் அதே பஜார்ல குடுத்து 5,200 ரூபா வாங்கினேன். அந்த பதினோரு கேமுக்கு அஞ்சு பைசா கெடைக்கல, ஒருத்தருக்குக் குடுக்கவும் முடியாது, அதே கம்பெனி மெஷின மறுபடி வாங்கினா தான் தொடவே முடியும். புதுசு எதுன்னு முடிவு பண்ணப்போ என் மனசுல ஓடினது இது தான்.

மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ல டிஸ்க் போடவே முடியாது, எல்லாம் டவுன்லோட் தான், 2020 நவம்பர்ல இங்க வந்தப்போ 34,990. சோனியோட டிஸ்க் போடுற பிஎஸ்5 2021 பிப்ரவரில வந்தப்போ 49,990. அப்புறம் வெல மாறினாலும் நடுத்தரக் குடும்பத்துல எல்லாரும் யோசிக்கிறது அந்த 15,000 வித்தியாசத்தத் தான். எக்ஸ்பாக்ஸ்லயே பெரிய மாடல் சீரிஸ் எக்ஸ்ல டிஸ்க் போடலாம், ஆனா என் பட்ஜெட்டத் தாண்டுச்சு, அதனால அதப் பாக்கல. படம் எதுல நல்லா தெரியும்னு கேட்டா பிஎஸ்5, எது சின்னதா டிவி பக்கத்துல அடங்கும்னா சீரிஸ் எஸ், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது.

வியாசர்பாடி மச்சான் அவனோட சீரிஸ் எஸ்ஸ பத்து நாள் குடுத்து வச்சான், அதனால ரெண்டு நல்லத மறைக்காம சொல்லணும். ஒண்ணு, குயிக் ரெஸ்யூம், ஸ்விட்ச ஆஃப் பண்ணி வயரப் பிடுங்கி வச்சாலும் மறுநாள் விட்ட எடத்துல இருந்தே ஆரம்பிக்குது. ரெண்டு, கேம் பாஸ், அதாவது சந்தா கட்டினா நெறைய கேம் ஆடலாம், வீட்ல பசங்க நெறைய பேர் இருந்து ஆளுக்கொரு கேம் கேட்டா இத அடிச்சிக்க ஆளில்ல. பத்து நாள்ல ஒரு மெஷினோட ஆயுசத் தெரிஞ்சிக்க முடியாது, அதனால அது எத்தன வருஷம் ஓடும்ங்கிறதுல மட்டும் என் பேச்ச வச்சு முடிவு பண்ணாதீங்க.

கம்பெனி கைமாறுற நியூஸ் தான் என்ன ரொம்ப நாள் எக்ஸ்பாக்ஸ் பக்கம் இழுத்துச்சு. மைக்ரோசாஃப்ட், பெதெஸ்டாங்கிற கேம் கம்பெனியோட தாய்க் கம்பெனிய 750 கோடி டாலருக்கு வாங்கினாங்க, அப்புறம் 2022 ஜனவரில, கால் ஆஃப் டியூட்டிங்கிற துப்பாக்கிச் சண்ட கேம் போடுற ஆக்டிவிஷன் பிளிசார்ட 6,870 கோடி டாலருக்கு வாங்குறோம்னு அறிவிச்சாங்க. பிரிட்டன்ல முட்டுக்கட்ட போட்டாங்க, அமெரிக்கால கேஸ் போச்சு, கடைசில 2023 அக்டோபர் 13 அன்னைக்கு முடிஞ்சுது. இனிமே கால் ஆஃப் டியூட்டி பிஎஸ்ல வராது போலன்னு நானும் நெனச்சேன். ஆனா 2023 ஜூலைலயே சோனி கூட 10 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுட்டாங்க, 2025ல மைக்ரோசாஃப்டோட சொந்தக் கார் ரேஸ் கேம் ஃபோர்ஸா ஹொரைசான் 5ஏ பிஎஸ்5ல வந்துடுச்சு. அந்தப் பயம் போச்சு.

வேற பயம் வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் வாங்கின கேம் ஸ்டூடியோல சிலத 2024 மே மாசம் இழுத்து மூடினாங்க. 2025 அக்டோபர்ல கேம் பாஸோட ஒசத்தி சந்தா அல்டிமேட் அமெரிக்கால மாசம் 19.99ல இருந்து 29.99 டாலருக்குப் போச்சு, நம்ம ஊர்லயும் ஏறுச்சு. அதுக்கு ஒரு ரெண்டு நாள் முன்னாடி தான், ஃபுட்பால் கேம் எஃப்சி போடுற இஏ கம்பெனிய சவுதி பொது முதலீட்டு நிதியும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு வாங்கப் போறதா செய்தி வந்துச்சு. இவங்க கைமாத்திக்கிறதுக்கு நம்மள யாரும் கேக்கப் போறதில்ல. நம்ம அக்கவுண்ட்ல இருக்கிற கேமுக்கு அவங்க வச்சது தான் சட்டம். ஃபோர்ஸா ஹொரைசான் 4 இருக்கே, கார் லைசென்ஸ் முடிஞ்சுதுன்னு 2024 டிசம்பர்ல ஆன்லைன் ஸ்டோர்ல விக்கிறதையே நிறுத்திட்டாங்க, இன்னைக்கு அத வாங்கணும்னா டிஸ்க்கு ஒண்ணு தான் வழி.

அதனால டிஸ்க் போடுற பிஎஸ்5லயே கொஞ்சம் சின்ன மாடல், ஸ்லிம் வாங்கினேன். வாங்கி நாலு மாசத்துல ஆறு கேம் முடிச்சிட்டேன். பஜார்ல பழைய டிஸ்க்கு 2,000 ரூபா ரேஞ்சுல எடுப்பேன், மூணு வாரத்துல முடிச்சு 1,500, 1,600க்குத் திருப்பிக் குடுப்பேன், ஆறுக்கும் சேர்த்து கையிலிருந்து போனது 2,700 தான். அதே கேம ஸ்டோர்ல புதுசா வாங்கினா சிலது ஒண்ணே 4,999, ஆஃபர் வரும் தான், ஆனா முடிச்ச பிறகு ஒரு ரூபா திரும்பாது. அந்த 15,000 எனக்கு ஒரு வருஷத்துல தேறிடும். வருஷத்துக்கு ரெண்டு கேம் மட்டும் ஆடுறவங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது, அவங்க தாராளமா சீரிஸ் எஸ் போகலாம்.

டிஸ்க்குன்னாலே முழு கேமும் அதுல இருக்கும்னு நம்பிடாதீங்க. 2022ல வந்த கால் ஆஃப் டியூட்டி பிஎஸ்5 டிஸ்க்ல இருந்தது வெறும் 70 எம்பி சொச்சம், மிச்சமெல்லாம் டவுன்லோட். ஸ்லிம்ல டிஸ்க் டிரைவத் தனியா கழட்டி மாட்டலாம், மொத தடவ மாட்டும்போது நெட் வேணும்.

பராமரிப்புல ஒரு விஷயம், பிஎஸ்5 பக்கத்து மூடி கையாலயே கழலும், உள்ள தூசி சேர்ற ஓட்டைங்க இருக்கு, வாக்குவம் கிளீனர் வச்சு இழுத்துடலாம். எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி போற தூசிக்கு நான் மாசம் ஒரு தடவ பண்றேன். உப்புக் காத்துக்கு ரெண்டு மெஷினும் ஒண்ணு தான், ஜன்னல் பக்கத்துல வைக்காதீங்க.

டிஸ்க் எடுக்கும்போது டியூப் லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க, வட்டமா ஓடுற கீறல் இருந்தா வேணாம். எஃப்சி மாதிரி வருஷா வருஷம் வர்ற ஃபுட்பால் கேம் வச்சிருந்தா ஆகஸ்ட்டுக்குள்ள தள்ளிடுங்க, செப்டம்பர் கடைசில புதுசு வந்துடும், அப்புறம் பஜார்ல அத யாரும் கைல கூட எடுக்க மாட்டாங்க.