ஏழு நிமிட நடையில் ஒரு ஜிம்: மூன்றரை ஆண்டுக் கணக்கு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் சேர்ந்திருந்த பெரிய ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டி, நான் உள்ளே போன நாள்கள் 38. எங்கள் ஏரியாவிலேயே திறந்த சின்ன ஜிம்மில் மூன்றரை ஆண்டில் 530ஐத் தாண்டிவிட்டேன். போகும் நாளெல்லாம் போன் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கும் பழக்கம் உண்டு, அதனால் எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ள வழியில்லை. நடுவில் ஞானோதயம் எதுவும் வரவில்லை. அன்றிருந்த அதே சோம்பேறிதான் இன்றும். ஜிம் பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பழைய ஜிம் எல்லா வகையிலும் உசத்தி. பாரத்தோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கு மூன்று ரேக், பளபளவென்று மெஷின்கள், நீராவி அறை, துவட்டத் துண்டுகூடக் கொடுப்பார்கள். ஆனால் போக 25 நிமிடம், வர 25 நிமிடம். வண்டி நிறுத்த இடம் தேடுவது தனி. வாரம் மூன்று நாள் போனால் சாலையில் மட்டும் 150 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த 150ஐ நான் சிக்னலில் உட்கார்ந்தே தீர்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு விற்பவர்கள் 'வளர்ந்துவரும் ஏரியா' என்பார்களே, எங்களுடையது அந்த ரகம். புது அடுக்குமாடிகள், பாதி போட்ட சாலை, எது எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாத கடைகள். இங்கே ஜிம் வரப்போகிறது என்றதும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். காரணம் இருந்தது. வீடுகளுக்காகக் கட்டிய மூன்றாவது மாடித் தளத்தில்தான் முதலில் திட்டம் போட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு கட்டுமானப் பொறியாளர் இருக்கிறார். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்கு 500 கிலோவை ஒட்டி எடுப்பது பல நாட்டு விதிகளிலும் வழக்கம் என்று அவர் விளக்கினார். டம்பெல்லும் எடைத் தட்டான பிளேட்டும் ஒரே மூலையில் குவிந்து கிடக்கும், பத்துப் பேர் சேர்ந்து குதிப்பார்கள், இது வீட்டில் சோபா போடுவது மாதிரி இல்லை என்றார். ஓனர் விவரமானவர். மல்லுக்கு நிற்காமல் பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாறிக்கொண்டார்.

சுமைப் பிரச்சினை தீர்ந்தது, சத்தப் பிரச்சினை தொடங்கியது. மேலே குடித்தனங்கள். பாரம் விழும் சத்தம் காற்றில் வருவதைவிடத் தரையிலும் தூணிலும்தான் அதிகம் ஏறி வரும். ஜன்னலைச் சாத்தினால் பாட்டு நிற்கும், தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி இறக்கும் டெட்லிஃப்ட் சத்தம் நிற்காது. திறந்த இரண்டாம் வாரம் காலை 5:40க்கு இரண்டாம் மாடிக்காரர் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார். "உங்க ராடு விழும்போதெல்லாம் என் கட்டில் குதிக்குது சார்." யாரும் பதில் பேசவில்லை, அவர் கண் அவ்வளவு சிவந்திருந்தது. அதற்கப்புறம்தான் தடித்த ரப்பர் ஓடுகள் வந்தன, அதன்மேல் ஒரு மரப்பலகை மேடை, கூடவே காலை 7 மணிக்கு முன்பு எடை மாட்டும் தண்டான பாரைக் கீழே போடக் கூடாது, கையாலேயே இறக்கி வைக்க வேண்டும் என்று ஒரு விதி. ஏரியாவுக்குள் ஜிம் வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஒரு ரேக், இரண்டு பெஞ்ச், 30 கிலோ வரை டம்பெல், கேபிள் மெஷின் ஒன்று, காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் ஒன்று, டிரெட்மில் நான்கு. டிரெட்மில் நான்கு என்றாலும் ஓடுவது எப்போதும் இரண்டுதான், எந்த இரண்டு என்பது மட்டும் மாறும். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகோன் எண்ணெய் விட வேண்டும், மோட்டார் மூடியைத் திறந்து தூசியைத் தட்ட வேண்டும். இரண்டையும் ஆறப்போட்டால் உராய்வு ஏறி மோட்டார் சூடாகி நின்றுவிடும். ஒரு கொசுறுச் செய்தி: இதன் முன்னோடியான மிதிசக்கரத்தை 1818இல் வில்லியம் குபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளை வேலை வாங்குவதற்காக வடிவமைத்தார். இருபதாவது நிமிடத்தில் எனக்கு அது நன்றாகவே விளங்கும்.

பெரிய குறை கேபிளில்தான். முதுகுக்கு இழுக்கும் லேட் புல்டவுன் மெஷினில் கேபிள் புல்லியில் வளையும் இடத்தில் பிளாஸ்டிக் உறை வெடித்து, உள்ளேயிருந்து இரண்டு கம்பி இழை மயிர் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சொன்னேன். மறுநாள் வந்து பார்த்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள்! டேப் சுற்றினால் இழை மறையும், பலம் திரும்புமா? அறுந்தால் இழுக்கிற பார் நேரே தலைக்கு வரும். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை, தெரிந்தவர்களையும் போகவிடவில்லை. அப்புறம்தான் புதுக் கேபிள் வந்தது. பெரிய ஜிம்மாக இருந்தால் நான் யாரிடம் சொல்லியிருப்பேன், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமா? இங்கே ஓனரைத் தெருவில் நிறுத்திக் கேட்க முடிந்தது. கேட்டும் மூன்று வாரம் ஆனது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, வெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்றேகால் கிலோ பிளேட் இல்லை. இருக்கும் பிளேட்டில் சின்னது இரண்டரை. பாரே 20 கிலோ, பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டாக வேண்டும், ஆகவே எடையை ஏற்றினால் ஐந்து ஐந்தாகத்தான் ஏறும். ஸ்குவாட்டில் அது ஒன்றுமே இல்லை. தோளுக்கு மேலே தூக்கும்போது 30இல் இருந்து 35 என்றால் ஒரே தாவலில் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. நான்கு மாதம் 30இலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு ஜோடி ஒன்றேகாலை நானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றும் அது என்னோடுதான் வந்து போகிறது. இரவல் கேட்பவர்கள் திருப்பித் தரும்வரை ஒரு கண் அங்கேதான்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காலை 6 முதல் 8:30, மாலை 7 முதல் 9, இந்த நேரங்களில் ரேக்குக்கு வரிசை. முதலில் ஓனர் பேராசைப்பட்டு ஆள் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,700க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு தடவைக்குச் சற்று மேல்தான் போயிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் தனித்தனியாகக் கட்டியிருந்தால் அவர்களுக்குக் காசு மிச்சம். என்னுடைய 38 நாள் கதைதான் இது, பெரிய அளவில். அந்த மாதிரி ஜிம்மை வராதவர்கள்தான் தாங்குகிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஏரியா ஜிம்மில் அந்த வசதி ஓனருக்கு இல்லை. உறுப்பினர்கள் எல்லோரும் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்கள். மழை விட்டதும் வருகிறார்கள், அலுவலகம் ரத்தானால் வருகிறார்கள், வீட்டில் சண்டை என்றாலும் வருகிறார்கள். சந்தா கட்டியவன் நிஜமாகவே வந்து மெஷினைத் தேய்க்கிறான். கேபிள் அறுவதும் டிரெட்மில் படுப்பதும் ரேக்குக்கு வரிசை நிற்பதும் இதன் விளைவுதான். பக்கத்தில் இருப்பதுதான் இந்த ஜிம்மின் பலம், அதே பலம்தான் அதைத் தேய்க்கிறது. எந்நேரமும் காலியாக, எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும் ஏரியா ஜிம்மைப் பார்த்தால் அது ரொம்ப நாள் நிலைக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பழகிப் போன குறைகள் இன்னும் உண்டு. இதுவரை ஐந்து ட்ரெய்னர்கள் மாறிவிட்டார்கள். ஒருவர் கற்றுக்கொடுத்த முழங்கால் நிலையை அடுத்தவர் தப்பு என்பார். புரதப் பவுடர் டப்பா விற்கும் தொல்லை முதலாண்டில் ரொம்ப இருந்தது, கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று ஒன்றைக்கூட நீட்டினார்கள். யாரும் வாங்கவில்லை, நின்றுவிட்டது.

எங்கள் ஏரியாவுக்கு ஜிம் தேவையா என்று இன்று கேட்டால் ஆமாம் என்பேன், ஆனால் முதலில் நடைபாதையைக் கேட்பேன். நடப்பதற்கும் ஓடுவதற்கும் ஜிம் வேண்டியதில்லை. அந்த 150 நிமிடத்தை ஒழுங்கான நடைபாதையே பார்த்துக்கொள்ளும், சந்தாவும் கிடையாது. அதே வழிகாட்டுதலில் பலரும் தாண்டிப் போகிற வரி ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. அங்கேதான் பாரம் தேவைப்படுகிறது. பூங்காவில் வைக்கும் இரும்பு ஊஞ்சல்களில் பெரும்பாலானவற்றில் எடையைக் கூட்ட முடியாது. உடம்பு பழகிய பிறகு அது ஆட்டம் மட்டும்தான். தொங்கி ஏறும் பார் விதிவிலக்கு. அடுக்குமாடிகளின் சொந்த ஜிம்மோ, எங்கள் கட்டடத்தில் இருப்பதைச் சொல்கிறேன், உறை போட்டு மூடிய இரண்டு டிரெட்மில்லும் கேரம் போர்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கும் ஓர் அம்மா. வயது 63. முழங்கால் வலி. தொடைத் தசையைப் பலப்படுத்தினால்தான் மூட்டுக்குச் சுமை குறையும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லி வந்தவர். வெறும் பெஞ்சில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினார். முதல் வாரம் கைப்பிடி இல்லாமல் எழ முடியவில்லை. ட்ரெய்னர் பையன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "அம்மா, மூச்சை அடக்காதீங்க, எழும்போது விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையும் என்பார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு முப்பது ஆண்டுப் பாக்கி. எட்டு மாதத்தில் லெக் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். எப்படிம்மா விடாமல் வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "தூரமா இருந்தா வந்தே இருக்க மாட்டேன் தம்பி. வண்டிக்காக யாரையாவது கெஞ்சணும். இங்கே வீட்டுச் சாவிய எடுத்தா வந்துடலாம்" என்றார்.

சந்தா விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். ஆண்டுச் சந்தாவில் எவ்வளவு குறைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் கட்டுவதில்லை. வாடகை ஏறினால் சின்ன ஜிம் எப்போது வேண்டுமானாலும் மூடும், ஏரியா வளர வளர வாடகை ஏறத்தான் செய்யும். ஓனருக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். நேற்றுகூடக் கேட்டார், சிரித்துச் சமாளித்தேன்.

போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய நிறுவனத்தின் ஜிம் வரப்போவதாகப் பலகை மாட்டினார்கள். எங்கள் கூடத்தில் அன்று முழுக்க அதே பேச்சு. எத்தனை ரேக், ஏசி எப்படி, முதல் நூறு பேருக்கு என்ன சலுகை. லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "அது எத்தனாவது மாடி தம்பி?" என்றார்.

"மூணாவது மாடிம்மா. ஆனா லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட்ல போறதுக்கா நான் இத்தனை நாள் காலை மடக்கினேன்?" என்றபடி குனிந்து எடை அடுக்கின் பின்னை உருவி, எடை கூடும்படி ஒரு துளை கீழே செருகினார்.