ஒரு தொலைக்காட்சி, இரண்டு நேரடி ஒளிபரப்புகள்: வாக்கு எண்ணிக்கையா, டெஸ்ட் போட்டியா?

2024 செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவு பத்து மணிக்குப் போட்ட ஊரடங்குச் சட்டத்தை நண்பகல் வரை நீட்டியிருந்தார்கள். திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டில் ஆறு பேர் அடைந்து கிடந்தோம். தொலைக்காட்சி ஒன்றுதான். ஒரு பக்கம் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. மறுபக்கம் காலியில் இலங்கையும் நியூசிலாந்தும் மோதிய முதலாவது டெஸ்ட் போட்டி, கடைசிக் கட்டத்தில். தேர்தலுக்காக அந்தப் போட்டியின் நடுவே 21ஆம் திகதியை ஓய்வு நாளாக விட்டிருந்தார்கள். வாக்களிக்கும் நாளுக்கு ஓய்வு கிடைத்தது, எண்ணும் நாளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை அங்கேதான் தொடங்கியது.

தம்பிக்குக் கிரிக்கெட் வேண்டும். அப்பா சி.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, தொகுதிவாரியாகக் கட்டம் கட்டி, பேனையோடு உட்கார்ந்துவிட்டார். ரிமோட் என் கையில் இருந்தது. நான் தேர்தலின் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான். ஏன் என்பதைச் சொல்லவே இந்த ஒப்பீடு.

விளையாட்டின் பக்கத்துச் சாதகங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பார்க்கச் சுவையானது. எப்போது முடியும் என்று ஓரளவு கணக்கிடலாம். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மம்மாவும் ஒரே நேரத்தில் கைதட்டலாம். மொழி தேவையில்லை. வர்ணனை எந்த மொழியில் ஓடினாலும் விக்கெட் விழுவது விழுவதுதான். அரசியல் ஒளிபரப்புக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. முடிவு அறிவிப்புகளுக்கு இடையே ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. அந்த வெற்றிடத்தில் நான்கு பேர் மேசையைச் சுற்றியிருந்து சொன்னதையே சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காலியில் ஒரு ஆட்டமே திசை மாறிவிடும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தவறவிட்டால் மறுநாள் என்ன திரும்பக் கிடைக்கும்? என் தெரிவை முடிவு செய்தது இந்தக் கேள்விதான்.

கிரிக்கெட்டைத் தவறவிட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. அன்றைய ஆட்டத்தில் ஒரு பந்துகூட நான் பார்க்கவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சொல்கிறேன்: இலங்கை 305, 309. நியூசிலாந்து 340. கமிந்து மெண்டிஸ் முதல் இனிங்ஸில் 114. வெற்றி இலக்கு 275. நான்காம் நாள் ஆட்டம் நின்றபோது நியூசிலாந்து 8 விக்கெட்டுக்கு 207, ரச்சின் ரவீந்திர ஆட்டமிழக்காமல் 91. ஓட்ட விபர அட்டை யாருடைய பக்கமும் சாய்வதில்லை. எந்தப் பத்திரிகையில் பார்த்தாலும் அதே 91தான். அந்த மாலையின் படபடப்பு மட்டும் எனக்கு இல்லாமல் போனது. அது பெரிய இழப்புத்தான். தம்பி அதைப் பல மாதம் சொல்லிக் காட்டினான். ஆனால் நடந்தது என்ன என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அரசியலுக்கு அப்படி ஓர் அட்டை கிடையாது. தேர்தல் எண்களுக்காவது உண்டு என்பீர்கள். அந்த எண்களுக்கே என்ன நேர்ந்தது என்று பாருங்கள். ஞாயிறு பிற்பகல், எந்த வேட்பாளரும் 50 வீதத்தைத் தாண்டவில்லை என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்து, விருப்பு வாக்குகளை எண்ணத் தொடங்கியது. இலங்கை வரலாற்றில் அப்படி எண்ணியது அதுவே முதல் தடவை. முதலிரு இடத்தவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளை எடுத்து, அவற்றில் இரண்டாவது, மூன்றாவது விருப்பாக அந்த இருவரில் யாருக்காவது அடையாளமிட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த அப்பா அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் எல்லாம் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மிளகாய்க்குப் போட்டவர்களின் சீட்டை மட்டும் திருப்பிப் பார்க்கிறார்கள் என்றார். அம்மம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "நான் ஒன்றுதானே போட்டேன், என்னுடைய சீட்டு என்ன ஆகும்?" அவர் போட்டது முதலிரு இடத்தவரில் ஒருவருக்கு என்றால் அது ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது, வேறு ஒருவருக்கு என்றால் அதோடு முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் வாக்குரிமை பற்றி நடந்த மிக நல்ல உரையாடல் அது. நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டுமே அது நடந்தது.

மறுநாள் வந்த சுருக்கங்களில் 42.31 வீதமும் 32.76 வீதமும் இருந்தன. அநுர குமார திசாநாயக்க வென்றார், சஜித் பிரேமதாச இரண்டாமிடம். உண்மைதான். ஆனால் விருப்பு வாக்குகளில் சஜித்துக்குச் சேர்ந்தது 167,867, அநுரவுக்கு 105,264 என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? இரண்டாவது எண்ணிக்கையில் அதிகம் பெற்றவர் தோற்றவர்தான். இந்தத் தேர்தலை விளங்கிக்கொள்ள அது முக்கியமான செய்தி. எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசியவர்கள் அன்று மாலை தொலைக்காட்சி முன் இருந்தவர்கள் மட்டுமே.

பேச்சுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பிரசாரக் காலத்தில் ஒரு வேட்பாளரின் கூட்டத்தை நேரடியாகப் பார்த்தோம். சிங்களத்தில் பேசினார். மேலே தமிழ் மொழிபெயர்ப்புக் குரல் ஓடியது. அப்பா பதினைந்து வருடம் கந்தளாயில் வேலை செய்தவர். சிங்களம் நன்றாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளரின் குரலுக்கு அடியில் ஓடும் குரலைக் கேட்டு, விடுபட்டதை எங்களுக்கு எடுத்துச் சொல்வார். அந்த வேட்பாளர் சொன்ன வாக்கியம் இதுதான்: "பாதுகாப்பு நிலைமையை மதிப்பிட்ட பின்னர், படையினர் வசமுள்ள காணிகளை விடுவிப்போம்." மறுநாள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடிய துண்டு எங்கே தொடங்கியது தெரியுமா? "படையினர் வசமுள்ள காணிகளை" என்ற இடத்தில். தமிழிலும் சிங்களத்திலும் நிபந்தனை வாக்கியத்தின் தலையில் வரும், வாக்குறுதி வாலில் வரும். தலையை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது முழு வாக்கியம் போலவே கேட்கும். வெட்டின தடமே தெரியாது. காணி இழந்த ஒரு தாய் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, அந்தத் துண்டை மூன்று முறை போட்டுக் கேட்டார். "விடுவிப்போம் என்றுதானே சொல்கிறார், தம்பி?" என்று அப்பாவிடம் கேட்டார். முன்பாதியை எடுத்துச் சொல்ல அப்பா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆட்டத்தை வெட்டினால் ஓட்ட எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும். பேச்சை வெட்டினால் காட்டிக் கொடுக்க எதுவுமில்லை, முழுவதையும் கேட்ட ஒரு ஆளைத் தவிர. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஆட்கள் வீட்டுக்கு ஒருவராவது வேண்டும். தீர்மானங்கள் பெரும்பாலும் வேறு மொழியில் பேசப்பட்டு, இரண்டாம் கையாக எங்களிடம் வந்து சேர்கின்றன. 2022 மே மாதம் மஹிந்த ராஜபக்ஷவைத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தங்கவைத்தார்கள். எங்கள் ஊரில் நடந்ததையே நாங்கள் தொலைக்காட்சியில்தான் உறுதிப்படுத்திக்கொண்டோம். அதற்குள் ஊர் முழுக்க ஏழெட்டுக் கதைகள் உலாவிவிட்டன.

எல்லா அரசியல் ஒளிபரப்பையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. தேர்தல் காலத்தில் வேட்பாளர்களுக்கு அரச ஊடகங்களில் இலவச நேரம் ஒதுக்குவார்கள். முன்கூட்டியே பதிவு செய்து, எழுதிவைத்து வாசிக்கும் அந்த உரைகளுக்காக நல்ல ஆட்டத்தை விடத் தேவையில்லை. அவை பெரும்பாலும் அச்சில் வந்தவைதான். மேசை விவாதங்களும் அப்படியே. வாக்கு எண்ணிக்கை, வரவு செலவுத் திட்ட உரை, பாராளுமன்றத்தில் நம்பிக்கையில்லாப் பிரேரணை மீதான வாக்கெடுப்பு, கேள்வி கேட்க ஆள் இருக்கும் நேரடிச் சந்திப்பு: இவை நான்குக்கும்தான் நான் ரிமோட்டை விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விளையாட்டு ஒளிபரப்பு அரசியலை எப்போதும் மறைத்துவிடுவதில்லை. 2022 ஜூலை 9, கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த அன்று, காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. மைதானத்துக்கு மேலே கோட்டை மதிலில் போராட்டக்காரர்கள் நின்றார்கள். அன்றைக்குத் தம்பிதான் கிரிக்கெட்டைப் போட்டிருந்தான், நானும் பார்த்தேன். அந்த ஒரு நாளை வைத்து அவன் என்னோடு இன்னும் வாதாடுவான். அதில் நியாயம் இருக்கிறது.

இலங்கை ஆடும் ஓர் உலகக்கிண்ண இறுதிப் போட்டியும் தேர்தல் முடிவும் ஒரே மாலையில் மோதிய அனுபவம் எனக்கு இல்லை. அப்படி ஒன்று வந்தால் இதே உறுதியோடு இருப்பேனா என்று இப்போதே சொல்ல முடியாது. ஐந்து நாள் டெஸ்ட் போட்டியைத் தள்ளிவைப்பது இலகு. மூன்றரை மணி நேரத்தில் முடியும் இருபது ஓவர் ஆட்டத்தில் நான் சோதிக்கப்படவில்லை. உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டால் மூதூரில் இருக்கும் சித்தப்பாதான் பேசவேண்டும். ஐரோப்பிய ஆட்டங்கள் எங்கள் நேரத்துக்கு நள்ளிரவில் வருவதால் அவர் வீட்டில் இந்த மோதலே எழுவதில்லையாம்.

அன்று நாங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. தொலைக்காட்சி அரசியலுக்கு. தம்பியின் கைப்பேசி, பிளேன்டீ கோப்பையில் சாய்த்துவைத்தபடி, ஓட்ட எண்ணிக்கைக்கு. மாற்றிப் போட்டால் சரிவராது. பேச்சைச் சின்னத் திரையில் கேட்டால் மொழிபெயர்ப்புக்கு அடியில் ஓடும் குரல் அப்பாவின் காதுக்கு எட்டாது.

23ஆம் திகதி காலை புதிய ஜனாதிபதி பதவிப் பிரமாணம் செய்தார். அதே காலையில் காலியில் நான்கே ஓட்டங்கள் சேர்ந்த நிலையில் கடைசி இரண்டு விக்கெட்டையும் பிரபாத் ஜயசூரிய எடுத்துவிட்டார். ரச்சின் 92. இலங்கைக்கு 63 ஓட்டங்களால் வெற்றி. தம்பி அதை ஒரே மூச்சில் வாசித்து முடித்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அப்பாவின் கொப்பியில் எங்கள் மாவட்டப் பக்கம் மட்டும் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. சேருவில, திருகோணமலை, மூதூர் என்று மூன்று கட்டங்கள், கீழே தபால் மூல வாக்குகள். செப்டெம்பரில் மாவட்டத்தில் முன்னிலை சஜித்துக்கு. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நான்கு ஆசனங்களில் இரண்டு அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனபோது, அப்பா அதே பக்கத்தைத் திறந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் புதிய எண்களை எழுதத் தொடங்கினார். அன்று தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தான்.