தேதி இடைவெளிக்குச் சிவப்பு: எட்டு மாதம் பயன்படுத்திய அனுபவம்

அம்மாவின் சர்க்கரை அளவை வாரம் ஒருமுறை பார்த்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுவது என் வேலை. "நடுவில் சில வாரம் காணோமே?" என்று டாக்டர் கேட்ட அன்றுதான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கை (நாம் கொடுக்கும் விதி பொருந்தினால் கட்டத்துக்கு, அதாவது செல்லுக்கு, தானாக நிறம் போடும் வசதி) தொட்டேன்.

தொடங்குவது சுலபம். தேதி என்பது உள்ளுக்குள் வெறும் எண். எக்செலில் 1900 ஜனவரி 1 என்றால் 1. அதனால் கழித்தால் நாள் கணக்கு வந்துவிடும். என் தேதிகள் ஏ நெடுவரிசையில் ஏ2 முதல் இருக்கின்றன. ஏ3 முதல் கீழ்வரை தேர்ந்தெடுத்து, சிவப்பு நிறம் போடும் ஃபார்முலா விதியில் =ஏ3-ஏ2>8 என்று கொடுத்தேன். ஒரு நாள் தள்ளிப்போனால் போகட்டும் என்றுதான் 7க்குப் பதில் 8. தேதிகள் வரிசையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வாரமே குழப்பம். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மாதத்துக்கு மாதம் ஒரு வெற்று வரி விட்டிருந்தேன். காலி செல் பூஜ்யமாகக் கணக்காகும் என்பதால், ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியும் நாற்பத்தைந்தாயிரம் நாள் இடைவெளியோடு சிவந்து நின்றது! =ஏ3-மேக்ஸ்(ஏ$2:ஏ2)>8 என்று மாற்றியதும் சரியானது. மேலே உள்ளவற்றில் கடைசித் தேதியை அதுவே தேடிக்கொள்கிறது.

பொய்யாகச் சிவந்ததையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். சிவக்க வேண்டியது சிவக்காமல் இருந்ததுதான் ஆபத்து. போனில் அவசரமாகப் புள்ளி வைத்து அடித்த ஒரு தேதி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருந்தது. கழித்தால் பிழை வரும். பிழை வந்தால் நிறம் வராது. 19 நாள் இடைவெளி வெள்ளையாகவே கிடந்தது. எழுத்து இடப்பக்கமும் தேதி வலப்பக்கமும் ஒட்டி நிற்கும், பார்த்தாலே தெரியும். ஆனால் நான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தேன். (அழகுணர்ச்சியால் வந்த இரண்டாவது வினை.) இப்போது அந்த நெடுவரிசையில் தேதியைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி டேட்டா வேலிடேஷன் போட்டுவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு: விட்டுப்போன இடைவெளி, அடுத்த அளவை ஏற்றிய பிறகுதான் சிவக்கும். இன்று வரை எத்தனை நாள் ஆயிற்று என்று அந்த விதி சொல்லாது. அதற்கு மேலே தனியாக ஒரு செல்லில் =டுடே()-மேக்ஸ்(ஏ2:ஏ500) போட்டு, அதற்கும் அதே சிவப்பு வைத்தேன். நேற்று அதில் 9 என்று காட்டியது. ஷீட்டை மூடிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.