பினாங்கில் பீர்: லவ் லேன் பாரா, சந்துக் கடை ஸ்டூலா?

கிள்ளானில் எந்தக் கடையில் உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுன் அப்படியில்லை. முந்திய தடவை போனது தைப்பூசத்துக்கு. தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கியதோடு சரி, பீர் பேச்சே கிடையாது. இந்தத் தடவை மச்சானும் நானும் மூன்று இரவு தங்கினோம். சாயங்காலம் ஆனால் தகராறு. அவருக்கு பார்கள் இருக்கும் லவ் லேன் தெரு. எனக்கு ஸ்டூவர்ட் சந்துப் பக்கம் மளிகைக் கடை மாதிரி இருக்கும் இடம்: உள்ளே குளிர்பெட்டி, வெளியே பிளாஸ்டிக் ஸ்டூல். நாமே எடுத்து, காசைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

லவ் லேனில் பாட்டு, விளக்கு, வெளிநாட்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. கழிப்பறையும் உண்டு, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 6 சதவீதச் சேவை வரியும் மேலே ஏறும். சந்துக் கடையில் அந்தக் கூட்டல் இல்லை. ஆனால் ரொம்ப மலிவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். 2016இல் பீருக்கு, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று கலால் வரி வைத்தார்கள். 5 சதவீத பீர், 320 மில்லி டின் என்றால், அந்தக் கணக்கிலேயே வரி மட்டும் 2 வெள்ளி 80 காசு. அதை ஒட்டிய விலைக்கு யாராவது விற்றால் அது எந்த வழியாக வந்த சரக்கோ.

சரி, விலையை விடுங்கள். என்னைச் சந்துப் பக்கம் தள்ளியது வேறு.

முதல் நாள் மச்சான் பேச்சைக் கேட்டு ஒரு பாரில் குழாய் பீர் வாங்கினோம். பெயர் வேண்டாம். முதல் மடக்கிலேயே கெட்டுப்போன வெண்ணெய் வாடை. மச்சான் பீரைத் திட்டினார். பெரும்பாலும் தப்பு குழாயில்தான் இருக்கும். பீப்பாயிலிருந்து குழாய்முனை வரை ஓடும் பைப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உள்ளே பாசி மாதிரி படிந்து, வெண்ணெய் வாடையோ காடிப் புளிப்போ வந்துவிடும். விற்பனை மந்தமான கடையில் பீர் பைப்பிலேயே தேங்கிக் கிடப்பதும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர் டைகர் பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் காய்ச்சுவது, கார்ல்ஸ்பெர்க் ஷா ஆலாமில். பாரிலும் சந்திலும் அதே ஆலைச் சரக்குதான். கெடுவது கடைசிப் பத்தடியில்.

டின்னில் அந்தப் பத்தடியே கிடையாது. டின்னின் அடிப்பக்கத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். பச்சைப் போத்தல் என்றால் வெயிலோ குழல்விளக்கோ படாமல் உள்ளே இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கெட்டு நாறும். பழுப்புப் போத்தல் கொஞ்சம் தாங்கும், டின்னுக்கு அந்தக் கவலையே இல்லை. சந்துக் கடையில் கூட்டம் மொய்ப்பதால் நேற்று வந்த பெட்டி இன்று காலி. தெரியாத ஊரில் நான் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை, மேசைகளில் எது அதிகம் நிற்கிறது என்று பார்த்து அதையே எடுப்பேன்.

குழாய் பீர்தான் வேண்டுமென்றால் கூட்டமான கடையில் முதலில் அரைக் கிளாஸ் கேளுங்கள். குடிக்கக் குடிக்க நுரை கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டினால் கிளாஸாவது சுத்தம். பைப்புக்கு நாக்குதான் சாட்சி.

சந்துக் கடைக்கும் குறை உண்டு. கொசு, மழை, அப்புறம் அந்தக் கழிப்பறை விவகாரம். மனைவியோடு போனால் நானே லவ் லேனுக்குத்தான் போவேன். சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீர் தேடுகிறவர்களுக்கும் சந்து சரிவராது. அந்தச் சங்கதியில் நான் குடித்தது மூன்றோ நான்கோ, தீர்ப்பு சொல்லும் தகுதியில்லை. 1885இல் தொடங்கிய இ அண்ட் ஓ ஹோட்டலில் ஃபார்குவார்ஸ் பார் இருக்கிறது. ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காசு கொடுத்தது வேறு ஒருவர்.

மூன்றாம் நாள் மச்சான் தகராறு செய்யாமல் சந்துக்கு வந்தார். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் கொட்டியது மழை. ஸ்டூலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அஞ்சடிக்கு, அதாவது கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதைக்கு, ஓடினோம். டின்னைக் கீழே விடவில்லை.