வேர்ட்பிரஸா, கூகுள் சைட்ஸா, பேஸ்புக் மட்டும் போதுமா? சின்னச் சங்கத்துக்கு எது நின்று பிடிக்கும்

எங்கள் சங்கத்தின் இணையத்தளத்தை வேர்ட்பிரஸிலிருந்து கூகுள் சைட்ஸுக்கு மாற்றிவிட்டோம். கேள்விப்பட்ட கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர், "மேலே ஏறுகிறவர்களைக் கண்டிருக்கிறோம், நீங்கள் என்ன கீழே இறங்குகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. இணையத்தளம் கட்டுவதற்கான திறந்த மூல மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. கூகுளின் இலவசத் தளக் கருவியான கூகுள் சைட்ஸோ பள்ளிப் பிள்ளைகள் ஒப்படைக்குப் பாவிக்கும் சாமான் என்று பெயரெடுத்தது. இருந்தும் மாற்றினோம். இன்னொரு முறை கேட்டாலும் இதே பக்கம்தான் கை உயர்த்துவேன்.

முதலில் நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிட வேண்டும். திருகோணமலையில் பாலையூற்றுப் பக்கம் மாலைநேர வகுப்பு, ஒரு சிறு நூலகம், பெண்களுக்குத் தையல் பயிற்சி. சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபை மாறும். கணினி தெரிந்தவர் என்று எந்த நேரத்திலும் ஒருவர்தான் இருப்பார். ஊடகப் பொறுப்புக்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு நான் சொல்லப்போவது பொருந்தாது.

பேஸ்புக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. திருகோணமலையில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் பேஸ்புக்கும் வட்சப்பும்தான். உப்புவெளியில் கடற்கரைத் துப்புரவு என்று காலையில் போட்டால் பின்னேரம் பெடியள் வந்து நிற்பார்கள். இணையத்தளத்தைப் பார்த்து அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது வேறு விஷயம். இந்த நாட்டில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. அந்த நேரங்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்தன, பேஸ்புக் திறக்கவில்லை. அதைவிட நாளாந்தத் தொல்லை ஒன்று உண்டு: போன வருடக் கணக்கறிக்கையை ரொறொன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டால், பதிவுகளைக் கீழே கீழே தள்ளித் தேட வேண்டும். உதவி கேட்டு அனுப்பும் படிவங்களிலும் இணையத்தள முகவரிக்கென்று ஒரு கட்டம் இருக்கும். ஆகவே பக்கமும் வேண்டும், தளமும் வேண்டும். பக்கத்துக்கு நிர்வாகி ஒருவர் மட்டும் இருந்தால் இன்றைக்கே இரண்டாமவரைச் சேருங்கள். பக்கம் தனியாள் கணக்கில் தொங்குவதால், அவர் கணக்கு போனால் பக்கமும் கையைவிட்டுப் போகும்.

தளம் கட்டித்தரும் இன்னொரு சேவையான விக்ஸைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அளவோடு சொல்கிறேன். வேர்ட்பிரஸ், சைட்ஸ், விக்ஸ் என்ற மூன்றிலும் பார்வைக்கு அழகு அதுதான். இலவசமாக வைத்திருந்தால் அவர்களின் விளம்பரம் தலையில் நிற்கும், சொந்த டொமைனும், அதாவது நமக்கென்ற இணைய முகவரியும், வைக்க முடியாது. பணம் கட்டிச் செய்தாலும், கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோக அவர்கள் விடுவதில்லை. அந்த ஒரு காரணத்தால் நான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. செலவு, அழகு, வசதி என்று மூன்றையும் அடுக்கி ஒப்பிடுவது எல்லாரும் செய்வது. எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், கைமாறும்போது என்ன நடக்கிறது என்பது.

சின்னச் சங்கங்களின் தளங்கள் பெரும்பாலும் எப்படிப் பிறக்கின்றன? உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி செய்து கொடுப்பார். நல்ல மனதோடுதான் செய்வார். டொமைனை அவருடைய இமெயிலில் பதிவார், தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கை அண்ணனின் கார்டில் வாங்குவார். பிறகு கம்பஸ் கிடைத்துப் போவார், அல்லது கட்டாருக்குப் போவார். செயலாளர் டீச்சர் தொலைபேசியில் கேட்பார்: "தம்பி, பழைய தலைவரின்ர படம் இன்னும் முன்னுக்கு நிக்குது, எடுக்கேலாதோ?" மறுமுனையிலிருந்து வரும் பதிலும் எல்லாச் சங்கத்துக்கும் ஒன்றுதான்: "டீச்சர், அதைத் தொடாதேங்கோ, நான் வந்து பாக்கிறன்." தொடாதேங்கோ என்பது அக்கறையில் சொல்வது. தொட்டால் உடையும் என்று அவருக்குத் தெரியும்.

வேர்ட்பிரஸ் மோட்டார் சைக்கிள் மாதிரி. ஓட்டாமல் விட்டாலும் சர்வீஸ் கேட்கும். மூல மென்பொருளின் சின்னச் சின்னத் திருத்தங்கள் 2013இல் இருந்து தானாகவே ஏறிக்கொள்கின்றன, அது உண்மை. ஆனால் தளம் அதனால் மட்டும் ஓடுவதில்லை. தோற்றத்துக்குத் தீம் ஒன்று, படிவத்துக்கு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), படத்தொகுப்புக்கு ஒன்று, மூன்று மொழிக்கு ஒன்று, பாதுகாப்புக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதியது. ஒருவர் கைவிட்டால் அது பழுதாகிறது. ஹோஸ்டிங் நிறுவனம், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட கணினி மொழியான பிஎச்பியின் பதிப்பை உயர்த்தினால், பழைய பிளகின் ஒன்று தளத்தையே வெள்ளைத் திரையாக்கிவிடும். தளங்களுக்குள் கள்ளத்தனமாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் வருவதும் இந்தப் பிளகின் ஓட்டைகளால்தான். இதையெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை பார்க்க ஆள் இருந்தால் ஒரு பயமும் இல்லை. எங்களுக்கு அந்த ஆள் தோஹாவில்.

புதிய நிர்வாகத்துக்கு இதைக் கையளிப்பதென்றால் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். டொமைன் பதிவுக் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ் நிர்வாகிக் கணக்கு, காசு கொடுத்து வாங்கிய தீமின் உரிமம். ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல். உள்ளே போகக் கேட்கும் குறியீடு, செயலிழந்துபோன பழைய சிம்முக்குப் போகும். கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பொருளாளருக்கு அந்த வருட ஹோஸ்டிங் பில்லை விளங்கப்படுத்துவதே ஒரு கூட்டம். கார்ட் காலாவதியானால் தானியங்கிப் புதுப்பித்தல் நிற்கும், நினைவூட்டல் கடிதம் யாரும் திறக்காத இமெயிலுக்குப் போகும்.

டொமைன் போனால் நிலைமை இன்னும் மோசம். டொட் ஓர்க் போன்ற முகவரிகள் சலுகைக் காலமும் தாண்டிப் போனால் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் வரும். அப்போது எடுக்க மேலதிகக் கட்டணம். அதையும் விட்டால் 5 நாளில் முகவரி சந்தைக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம். நன்கொடை கேட்டு அச்சடித்த துண்டுப்பிரசுரத்தில் உள்ள முகவரி சூதாட்டத் தளமொன்றுக்குப் போவதை எந்தச் சங்கமும் விரும்பாது.

கூகுள் சைட்ஸில் இந்தப் பட்டியல் சுருங்கிவிடுகிறது. ஹோஸ்டிங் இல்லை, பிளகின் இல்லை, ஏற்ற வேண்டிய பதிப்பு இல்லை. சங்கத்தின் பெயரில் ஒரு கூகுள் கணக்கு; தளத்தின் சொந்தக்காரர் அந்தக் கணக்கு, தனியாள் இல்லை. செயலாளரையும் இன்னும் இருவரையும் திருத்தும் உரிமையோடு சேர்த்துவிடலாம், ஓர் ஆவணத்தைப் பகிர்வது போலவேதான். நிர்வாகம் மாறினால் பழையவரை எடுத்துப் புதியவரைப் போடுவது சில நிமிட வேலை. யாராவது எதையாவது அழித்துவிட்டாலும் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். போன் கையில் இல்லாதபோதும் கணக்குக்குள் போகக் கூகுள் தரும் பத்து அவசரக் குறியீடுகளை அச்சடித்துக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம். தலைவர் படத்தை இப்போது டீச்சரே மாற்றுகிறார். ஒன்றை மறக்கக்கூடாது: இரண்டு வருடம் யாரும் உள்நுழையாத கணக்கை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023இல் கொண்டுவந்தது. பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் "கணக்குச் சரிபார்ப்பு" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கவலை தீரும்.

செலவு டொமைனுக்கு மட்டும். டொட் எல்கே எடுத்தோம், பதிவகம் கொழும்பில், ரூபாவில் கட்டலாம். தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரியும் இருக்கிறது; ஆசைதான், ஆனால் தமிழ் முகவரியுள்ள இமெயிலை இன்னும் பல படிவங்கள் ஏற்பதில்லை. டொமைனைச் சைட்ஸோடு இணைக்க மட்டும் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை வேண்டும்.

அழகு? குறைவுதான், மறைக்கத் தேவையில்லை. வார்ப்புருக்கள் கொஞ்சம், எல்லாத் தளமும் சகோதரங்கள் போலத் தெரியும். ஆனால் எங்களைப் போன்றவர்களின் பக்கங்களைக் கெடுப்பது வார்ப்புரு இல்லை. பேஸ்புக்கிலிருந்து வெட்டி எடுத்த மங்கல் லோகோ, ஒரே பக்கத்தில் ஐந்து நிறம், மேலே உதவி செய்தவர்களின் லோகோக்கள் வரிசையாக, சங்கத்தின் பெயர் அவற்றுக்குக் கீழே சின்னதாய். லோகோவின் மூலக்கோப்பு பெரும்பாலும் பனர் அடித்த அச்சகத்தின் கணினியில்தான் கிடக்கும். அதை வாங்கி, எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகவும், பின்னணி இல்லாத பிஎன்ஜியாகவும் சங்கக் கணக்கில் போட்டுவையுங்கள். நிறம் இரண்டு, எழுத்துரு ஒன்று என்று முடிவுகட்டினால் சைட்ஸின் வறுமை கண்ணுக்குத் தெரியாது.

எழுத்தென்றால் யுனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவான பாமினியைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்து அறிக்கைகள் பல இன்னும் பாமினியில்தான் அடிக்கப்படுகின்றன. அதைத் தளத்தில் ஒட்டினால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். வேர்ட்பிரஸிலும் இதேதான், சைட்ஸிலும் இதேதான். எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினியில் அடித்ததை அப்படியே பிடிஎப்பாகப் போட்டுச் சமாளித்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுளில் தேடினால் அகப்படாது.

சைட்ஸ் தோற்கும் இடங்களையும் சொல்கிறேன். திருத்துவதற்குக் கணினி வேண்டும், போனில் சரிவராது. போன் மட்டும் உள்ள நிர்வாகத்துக்கு இது பெரிய குறை. செய்திகளைத் திகதி வரிசையில் தானாக அடுக்கும் வசதி இல்லை. மூன்று மொழியும் கையால்தான்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனிப் பக்கம் செய்து இணைக்க வேண்டும். திருகோணமலையில் இது ஆடம்பரம் இல்லை, எங்கள் தையல் வகுப்புக்கு மூன்று சமூகத்துப் பெண்களும் வருகிறார்கள். எங்கள் சிங்களப் பக்கம் இப்போதும் தமிழுக்குப் பின்னால் இழுபடுகிறது. வேர்ட்பிரஸில் பொலிலாங் போன்ற பிளகின் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். தளத்திலேயே கார்ட் மூலம் நன்கொடை எடுப்பதை நாங்கள் செய்து பார்க்கவில்லை. வங்கிக் கணக்கு விபரத்தைப் போட்டிருக்கிறோம், வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்கே அனுப்புகிறார்கள். கார்ட் வசதி உங்களுக்கு முக்கியமென்றால் என் சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கட்டுரை, ஆய்வு, சஞ்சிகை என்று கிழமைக்குக் கிழமை வெளியிடுகிற சங்கமாக இருந்து, ஊரிலேயே நிற்கக்கூடிய இருவருக்காவது அந்த வேலை தெரியுமென்றால் வேர்ட்பிரஸையே வைத்திருங்கள். டொமைனை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு முன் சங்கத்தின் இமெயிலுக்கு மாற்றிவிடுங்கள்.